பேர் வாங்கிய கீழாநெல்லி

“மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே கிடையாது” என்ற பேச்சைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. கண் மஞ்சளித்துப் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது இதைச் சொல்வார். சொன்ன கையோடு எந்த ஊரில் எந்த வைத்தியர், எந்தக் கிழமையில் மருந்து தருவார், வெறும் வயிற்றோடு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், டாக்டரைக் கேட்டாலும் அவர் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். நம் ஊரில் குடிதண்ணீர் வழியே பரவும் காமாலைக்குப் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற இரண்டு வைரஸ்கள்தான் காரணம். மற்றபடி நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இவை வந்தால், வைரஸைக் கொல்லும் மாத்திரை எதையும் ஆஸ்பத்திரியில் தருவதில்லை. ஓய்வெடுங்கள், முடிந்ததைச் சாப்பிடுங்கள், வாந்தி நிற்க இதைப் போட்டுக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்து ரத்தம் பார்ப்போம். அவ்வளவுதான் வைத்தியம்.

மாற்று மருத்துவமா, நவீன மருத்துவமா என்ற வழக்கைப் பொத்தாம்பொதுவாக நடத்தினால் தீர்ப்பே வராது. ஒருவர் ஹோமியோபதியில் நின்றுபோன தும்மலைச் சொல்வார். இன்னொருவர் வைத்தியரை நம்பிக் காலம் கடத்திய கேன்சர் நோயாளியைச் சொல்வார். இரண்டுமே நடந்திருக்கும். அதனால் காமாலை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். இந்த ஒன்றில் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் நின்றிருக்கின்றன. அதிலும் முக்கியமான ஒரு சுற்று சென்னையிலேயே நடந்தது.

முதலில் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணுக்களை உடல் உடைத்துப் பிரிக்கும்போது மிஞ்சும் கழிவுதான் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள். அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதைப் பிடித்து, குளூக்குரோனிக் அமிலத்தோடு கோத்து, கரையக்கூடியதாக்கிப் பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். ரத்தத்தில் பிலிருபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. 3-ஐ நெருங்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளிக்கும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், வைரஸோ சாராயமோ கல்லீரலைத் தாக்கினாலும், பித்தப்பைக் கல் நழுவிப் பித்த நாளத்தில் சிக்கினாலும், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்து அந்த நாளத்தை நெரித்தாலும் காமாலைதான். கண்ணைப் பார்த்து இன்ன காமாலை என்று சொல்ல வைத்தியராலும் முடியாது, டாக்டராலும் முடியாது.

சித்த மருத்துவ நூல்கள் காமாலையைப் பல வகையாகப் பிரித்து, ஊதுகாமாலை, வறள்காமாலை என்றெல்லாம் பெயர் வைத்திருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கருவி எதுவும் இல்லாத காலத்தில், உடம்பு வீங்குகிறதா வற்றுகிறதா என்று கூர்ந்து பார்த்து வகை பிரித்தவர்கள் சாமானியர்கள் அல்ல. இன்று பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலோ தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ போய் உட்கார்ந்தால், பி.எஸ்.எம்.எஸ். படித்த மருத்துவர் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்றுதான் கேட்பார். நான் பேசுவது அவரைப் பற்றி அல்ல. ரத்தப் பரிசோதனையே கேட்காமல் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே உருண்டையைத் தரும் வைத்தியத்தைப் பற்றி.

அந்த உருண்டை ஏன் இவ்வளவு பேர் வாங்குகிறது? நோயின் நாட்கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். வைரஸ் காமாலை முதலில் காய்ச்சலாக வரும். வாய் கசக்கும், தாளிக்கிற எண்ணெய் வாசனை குமட்டும், சிகரெட் பிடிப்பவருக்கு அதுவே வெறுத்துப்போகும். சில நாளில் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்துக்குப் போய், கண் மஞ்சளிக்கும். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பிலிருபின் 6 என்று ரிப்போர்ட் வருகிறது. டாக்டர் பெரிதாக ஒன்றும் எழுதித் தருவதில்லை. அடுத்த வாரம் பார்த்தால் 10. “ஆஸ்பத்திரியில் காட்டியும் ஏறிக்கொண்டே போகிறது” என்று வீடே கலங்குகிறது. யாரோ சொன்ன வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி மூன்று நாள். நான்காம் நாள் பிலிருபின் 7. “மூன்றே வேளையில் இறங்கிவிட்டது!” உண்மையில் அந்த வாரம் அது இறங்க வேண்டிய வாரம். ஏறும் வாரத்தில் கண்ணில் பட்டவர் டாக்டர். இறங்கும் வாரத்தில் கண்ணில் பட்டவர் வைத்தியர். ஆடி முழுக்கக் காய்ந்துவிட்டு, ஊர் கூடிக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைத்த மறுவாரம் மழை கொட்டினால், பேர் கழுதைக்குத்தான்.

இதில் இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி முதலில் இறங்கத் தொடங்கிவிடும். கண்ணின் மஞ்சள் மட்டும் போகாது. காரணம், நாட்கணக்கில் உயர்ந்து நிற்கும் பிலிருபினில் ஒரு பகுதி ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. ஆல்புமின் பாதியாகக் குறையவே மூன்று வாரம் போல் ஆகும். அது போகும்போதுதான் ஒட்டிய மஞ்சளும் போகும். ஆகவே கல்லீரல் தேறிய பிறகும் சில வாரம் கண்ணாடியில் பார்த்தால் மஞ்சள் தெரியும். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், தேறிவிட்ட ஆள் இன்னும் நோயாளியென்று நினைத்து வைத்தியரைத் தேடிப் போகிறார். அவரிடம் தேறாமல் எப்படி இருப்பார்?

இதையெல்லாம் வைத்துக் கீழாநெல்லி வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. முப்பது நாளில் தானாகப் போகும் நோயை அது இருபது நாளில் போக வைக்கிறதோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள அனுபவம் உதவாது. எத்தனை தலைமுறை அனுபவம் என்றாலும் உதவாது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு அதே போன்ற வெற்று மருந்தும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்து, கடைசியில் எண்ணிப் பார்க்க வேண்டும். சுவாரசியமே இல்லாத வேலை. அதைக் கீழாநெல்லிக்கு நிஜமாகவே செய்தார்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறியும் வழியைத் திறந்துவிட்டு 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பர்க், அந்த வைரஸ் உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். ஏ, இ வகைகளைப் போல இது வந்து போகும் விருந்தாளி அல்ல. பிறந்தவுடன் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பல பத்தாண்டு கழித்துக் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம். பல நாடுகளின் பாரம்பரிய வைத்தியங்களில் காமாலைக்குத் தரப்படும் செடிகளைத் தேடிப் பார்த்ததில் கீழாநெல்லி கண்ணில் பட்டது. வெங்கடேஸ்வரன், மில்மன், ப்ளம்பர்க் மூவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், அதன் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் முக்கிய நொதியை முடக்கியது. வுட்சக் என்ற அணில் குடும்பத்து விலங்குக்கும் இதே போன்ற ஒரு வைரஸ் வரும். அண்மையில் தொற்றிய நான்கு வுட்சக்குகளுக்குச் சாற்றைக் கொடுத்ததில் மூன்றிடம் வைரஸின் தடயம் மறைந்தது. ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சாறு வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. மோரில் கலக்கிக் குடிக்க வைத்தது அல்ல.

அடுத்து சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ப்ளம்பர்க்கோடு சேர்ந்து ஹெபடைடிஸ் பி தங்கிய மனிதர்களுக்கே கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1988 அக்டோபரில் லான்செட் இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 59 சதவீதம் ஒரு பக்கம், 4 சதவீதம் ஒரு பக்கம்.

இது எப்பேர்ப்பட்ட எண் என்பதை உணர, இன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இப்போது தரப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகாமல் அடக்கி வைக்கின்றன, கல்லீரலைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அந்த மேற்பரப்புப் புரதத்தை முழுதாக மறைய வைப்பது அவற்றுக்கும் அபூர்வமாகவே கைகூடுகிறது. சென்னை முடிவு நிலைத்திருந்தால், பின்னால் வந்த அத்தனை மருந்துகளையும் நம் வரப்போரச் செடி தூக்கிச் சாப்பிட்டிருக்கும். அந்த ஆய்வாளர்களும் நிதானமானவர்கள். முதற்கட்ட ஆய்வு இது, தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

தொடர்ந்து சோதித்தார்கள். தாய்லாந்தில் செய்த சோதனை 1990-இல் அதே லான்செட்டில் வந்தது: பலனில்லை. நியூசிலாந்தில் செய்தது 1994-இல் வந்தது: அங்கும் பலனில்லை. பிற்பாடு, 16 சோதனைகளை, 1,326 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாகத் திரட்டி அலசிய காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2011-இல் வெளியானது. வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி இனம் மேலானது என்று நம்பவைக்கும் ஆதாரம் இல்லை. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தாலும், அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதம் அதை நம்பும் அளவுக்கு இல்லை என்று அது முடித்தது.

அப்படியானால் சென்னையில் என்ன நடந்தது? மோசடி என்று நினைக்கத் தேவையில்லை. அறுபது பேர் கொண்ட சோதனையில் சீட்டு விழுகிற விதமே கணக்கைச் சாய்க்க முடியும். ஹெபடைடிஸ் பி தொற்றும் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது தானாகவே சில மாதத்தில் போய்விடும். அப்படி அண்மையில் தொற்றிய சிலர் நாள்பட்டவர்கள் பட்டியலில் கலந்து, மருந்துப் பிரிவில் கூடுதலாகப் போய் விழுந்தாலே போதும், படம் மாறிவிடும். வைரஸ் மறைந்த அந்த மூன்று வுட்சக்குகளும் புதிதாகத் தொற்றியவையே என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

“அவர்கள் எடுத்த செடி வேறு” என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. நம் வயல்வெளிகளில் கீழாநெல்லி போலவே, இலைக்காம்பின் அடியில் கடுகு கடுகாய்க் காய் தொங்கும் பல செடிகள் இருக்கின்றன. சந்தையில் கட்டாகக் கட்டி விற்கும்போது ஒன்றோடொன்று கலந்து வருகிறது. இந்திய நூல்களில் நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதி வந்ததே தவறு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம்முடையது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று தாவரவியலாளர்கள் பிறகு திருத்தினார்கள். மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் சத்து மாறும் என்பதும் உண்மைதான். ஆனால் இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். ஊருக்கு ஊர் செடி மாறினால், வைத்தியர் இன்று காலை அரைத்த அம்மியில் இருப்பது எந்தச் செடி, எவ்வளவு வீரியம் என்று யாருக்குத் தெரியும்?

செடி மாறும் என்ற சிக்கலை எப்படிக் கடப்பது என்பதற்குச் சீனாவில் நடந்தது நல்ல பாடம். வியட்நாம் போர்க்காலத்தில், 1967 மே 23 அன்று மலேரியா மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கியது. தேதியை வைத்தே அதற்குத் திட்டம் 523 என்று பெயர். தூ யூயூ என்ற விஞ்ஞானி பழைய ஏடுகளைப் புரட்டிச் சிங்ஹாவ் என்ற மாசிப்பத்திரி இனச் செடியைச் சோதித்தார். கொதிக்க வைத்து எடுத்த கஷாயம் ஒரு நேரம் வேலை செய்தது, ஒரு நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தபோது எலிகளிடம் மலேரியா முழுதாக மறைந்தது. மறு ஆண்டு தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். அந்த மூலக்கூறுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. ஏட்டில் இருந்தது துப்பு மட்டும்தான். இன்றும் அந்த இலையைத் தேநீராகக் குடிப்பதை மலேரியாவுக்கு மருந்தாக உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. அளவு தெரிந்த மாத்திரையைத்தான் ஏற்கிறது, அதுவும் இன்னொரு மருந்தோடு சேர்த்து.

துப்பு ஏட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராக்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில், வார்டு என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளை வெயில் நாளில் முற்றத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் காமாலை கண்ட ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சள். துணியின் நுனி மூடியிருந்த இடம். அதை அனுபவ உண்மை என்று கும்பிட்டுவிட்டு அவர்கள் போகவில்லை. எந்த நிற ஒளி பிலிருபினை மாற்றுகிறது என்று தேடி, நீல ஒளி என்று கண்டு, விளக்குத் தொட்டில் செய்து, 1958-இல் கிரெமர் குழுவினர் வெளியிட்டார்கள். இன்று எந்தப் பிரசவ வார்டிலும் கண்ணைக் கட்டி நீல விளக்கடியில் கிடக்கும் குழந்தையைப் பார்க்கலாம். நம் பாட்டிமார் பச்சைக் குழந்தையை இளவெயிலில் காட்டியதிலும் இதே துப்பு இருந்திருக்கிறது. ஆனால் பிலிருபின் கடகடவென்று ஏறும் குழந்தைக்கு இளவெயில் போதாது. மூளையில் படிந்துவிட்டால் செவியும் கை கால் இயக்கமும் பறிபோகும்; பிறகு எந்த விளக்காலும் மீட்க முடியாது.

நவீன மருத்துவம் ஏதோ பிறவியிலேயே புத்திசாலி என்று இதற்கு அர்த்தமில்லை. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தப்பித் தப்பி அடிப்பவர்கள் திடீரென்று இறக்கிறார்கள்; ஆகவே துடிப்பைச் சீராக்கும் மருந்து உயிரைக் காக்கும் என்று அமெரிக்க டாக்டர்கள் நம்பி, லட்சக்கணக்கில் எழுதித் தந்தார்கள். துடிப்பும் சீரானது, கண்கூடான பலன். கடைசியில் முறையாகச் சோதித்தபோது, என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மருந்து சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989-இல் அந்தப் பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், தான் நம்பியதைத் தானே சோதித்து, தோற்றதை அச்சிட்டு, மருந்தைக் கைவிட்டதில்தான் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமோ, பழைய நூலில் உள்ள சித்த, ஆயுர்வேத மருந்துக்கு நூல் ஆதாரமே போதும், சோதனை வேண்டாம் என்று லைசென்ஸ் தந்துவிடுகிறது. இது அந்த மருத்துவங்களுக்குச் செய்யும் சலுகை போலத் தெரியும். எனக்கென்னவோ அவமரியாதையாகத்தான் படுகிறது.

காமாலையிலேயே டாக்டர்கள் தரப்பின் குறைகள் கொஞ்சமல்ல. 2009-இல் குஜராத்தின் மோடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் செத்ததற்குக் காரணம், பயன்படுத்திய ஊசியையே மீண்டும் போட்டது. நாட்டு வைத்தியர் அரைத்த பச்சிலையில் அந்த ஆபத்து இல்லை. மருந்தில்லை என்று சொல்லி அனுப்ப மனம் வராமல் ‘லிவர் டானிக்’ எழுதித் தரும் டாக்டர்களும் ஏராளம். அந்த டானிக்குகளில் பல மூலிகைச் சரக்குதான். அவற்றில் பேர்பெற்ற லிவ்.52-ஐ, குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த இலங்கை ஆய்வு 2003-இல் வந்தது. வெற்று மருந்தைவிட எந்தப் பலனும் தெரியவில்லை. எழுதித் தருகிறவரின் சட்டை வெள்ளைக் கோட்டு என்பதற்காக இதை நவீன மருத்துவம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

“பச்சிலைதானே, என்ன செய்துவிடும்” என்பார்கள். சும்மா இருந்தவர்கள் கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தார்கள். மும்பையில் ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு வந்ததாக 2021-இல் டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம், அது சீந்திலே அல்ல, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது. பழைய பல்லவி. மறு ஆண்டு நாட்டின் பல மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது. தன் கல்லீரலையே தாக்கும் இயல்பு உள்ளுக்குள் உறங்கிக்கிடப்பவர்களை அது கிளப்பிவிடுவதாகத் தெரிந்தது. பாராசிட்டமாலும் கல்லீரலைக் கெடுக்கும்; அளவு மீறினால் கொல்லும். ஆனால் எத்தனை கிராமுக்கு மேல் ஆபத்து, மாற்று மருந்து எது, எத்தனை மணிக்குள் தர வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. காசநோய் மாத்திரைகளிலும் கல்லீரலைத் தாக்குபவை உண்டு. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே மருந்து கொடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கீழாநெல்லி தேடிப் போகும் நாளில் கல்லீரல் கைவிட்டுப் போய்விடலாம்.

கீழாநெல்லிச் சாறு பெரும்பாலானோருக்குக் கெடுதல் செய்யாது. கெடுதல் செய்வது, அதைக் குடித்துக்கொண்டு காத்திருக்கும் நாட்கள். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதோடு குளிர்க்காய்ச்சல் சேர்ந்தால் அடைப்பில் சீழ் பிடித்திருக்கலாம், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஐம்பது வயதுக்கு மேல் வலியே இல்லாமல் மஞ்சள் ஏறி, உடம்பு இளைத்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். காமாலைக்காரர் பகலில் தூங்கி, இரவில் உளறினால், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிந்தால், கல்லீரல் செயலிழக்கிறது என்று பொருள். கர்ப்பிணிக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைடிஸ் இ வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் போகும் அதே வைரஸ்தான்.

இவ்வளவு இருந்தும் ஜனங்கள் ஏன் வைத்தியரிடம் போகிறார்கள்? அறியாமை என்று சொல்வது டாக்டர்களுக்கு வசதியான பதில். 67 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2017-இல் வந்த ஆய்வின்படி, நோயாளியோடு டாக்டர் செலவிடும் நேரம் ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இரண்டு நிமிடத்தில் பிலிருபின் இன்னும் ஒரு வாரம் ஏறும், பயப்படாதீர்கள் என்று சொல்ல நேரம் இல்லை. வைத்தியரோ நாடி பார்க்கிறார், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார், பத்தியம் சொல்கிறார். நோயாளிக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. பத்தியம் எல்லாமே கெடுதல் இல்லை. ஆனால் எண்ணெயும் உப்பும் பருப்பும் விலக்கி வெறும் கஞ்சியில் வாரக்கணக்கில் காய விடுவது தேறும் உடம்பைத் தளர்த்தும். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவரை மோசமாக்கும். பசிக்கிறதை, ஒத்துக்கொள்கிறதைச் சாப்பிடலாம். தெருவோரக் கரும்புச் சாற்றில் மட்டும் எனக்கு ஒரு பயம் உண்டு. காமாலைக்கு நல்லதென்று குடிக்கும் அந்தத் தம்ளரில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது?

ஏனென்றால் ஏ, இ காமாலைகள் வருவதே தண்ணீரில்தான். 1955 கடைசியில் யமுனை வெள்ளம் வடிந்து, ஆறு போக்கு மாற, சாக்கடை நீர் டெல்லிக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்துக்குள் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளித்தது. அப்போது ஹெபடைடிஸ் ஏ என்று நினைத்தார்கள். பல ஆண்டு கழித்துத்தான் அது இ என்று தெரிந்தது. குழாயில் குளோரினும், சாக்கடையைத் தொடாத குடிநீர்க் குழாயும் செய்வதை எந்த மருந்தாலும் செய்ய முடியாது.

ஹெபடைடிஸ் பி-யின் கதை வேறு. அதற்குச் செடி கைகொடுக்கவில்லை. ஆனால் ப்ளம்பர்க்கும் மில்மனும் 1969-இல் காப்புரிமை கேட்ட வேறொரு யோசனை தடுப்பூசியாக விளைந்தது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சோதனை முயற்சியாக 2002-இல் நுழைந்து, 2011-இல் நாடு முழுவதற்கும் வந்தது. முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். 2018 ஜூலை 28 அன்று, அதாவது ப்ளம்பர்க்கின் பிறந்தநாளில், தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ, கூடப் பிறந்தவர்களோ எல்லோரும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தொற்று இல்லாதவர்கள் இன்றொன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என்று மூன்று ஊசி போட்டுக்கொண்டால் போதும்.